கூந்தலில் ஒரு கோடு

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
ஜனவரி 11, 1986

மெர்ல்,

ஐந்து வருடமாக நமக்குள் கடிதப் போக்குவரத்து கிடையாது. வக்கீல்கள்தான் எழுதிக்கொண்டார்கள். இப்போது நானே எழுதுகிறேன் என்றால் எனக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று நீ உடனே சொல்வாய். ஆமாம், ஆகவேண்டியிருக்கிறது. அந்த 1794 செம்புச் சென்ட்டை எனக்கு விற்றுவிடு.

எந்தச் சென்ட் என்று தெரியாதவன்போல் கேட்காதே. அந்த ஒரு வருடத்துக் காசுகளை அச்சுக்கு அச்சு வித்தியாசம் பார்த்து நம்மைப் போன்ற பைத்தியங்கள் ஐம்பத்தெட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். என்னிடம் ஐம்பத்தேழு வகை சேர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் அந்த ஒரு வகையில் மற்ற காசுகளெல்லாம் மியூசியங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன, இனி வெளியே வராது. கைக்கு எட்டுகிற ஒன்று உன்னிடம்தான் இருக்கிறது. விவாகரத்தின்போது நாம் ஆளுக்கொன்றாக மாறி மாறி எடுத்துக்கொண்டோமே, நீ முதல் கையிலேயே அதை எடுத்தாய். எனக்கு அது வேண்டும் என்று தெரிந்தே எடுத்தாய்.

விலையை நீயே சொல். என் அரைச் சென்ட்டுகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், பணம் தயாராக இருக்கிறது. ஆனால் காசு என் கைக்கு வந்ததும் அதன் உறைமேல் பன்னிரண்டு என்றுதான் எழுதுவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காசில் இருக்கும் பெண் முகத்தின் தெளிவுக்கு இருபத்தைந்து மார்க். கூந்தலிலிருந்து கழுத்துவரை இறங்கும் அந்தக் கீறலுக்குப் பதின்மூன்று கழிவு. எழுபதுக்குப் பன்னிரண்டு. நீ இருபது, இருபது என்று சொல்லிக்கொண்டு திரிவது உன் இஷ்டம்.

எனக்கு அறுபத்தொரு வயதாகிவிட்டது. பெட்டியில் ஒரு குழி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே சாவதாக உத்தேசமில்லை.

ரோவீனா


ஜேன்ஸ்வில், ஒஹாயோ
ஜனவரி 22, 1986

ரோவீனா,

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியபோது வருமான வரிக்காரர்கள் ஏதோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். படித்து முடித்த பிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

உனக்குத் தனியாக விற்கமாட்டேன். ஜூன் மாதம் பிலடெல்ஃபியாவில் நடக்கிற ஏலத்துக்கு அந்தக் காசை அனுப்பியாகிவிட்டது. அந்தக் கம்பெனியில் செம்புக் காசுகளுக்குக் கேட்லாக் எழுதுவது நீதான் என்று எனக்குத் தெரியாதா? பதிவுத் தபாலில் அங்கே போய், அங்கிருந்து உன் மேஜைக்கே வந்து சேரும்.

இதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்பாய். நான் இப்போது உனக்கு விற்றால் நீ அதைப் பார்க்கவே மாட்டாய். உறையில் பன்னிரண்டு என்று எழுதுவாய், குழியில் வைத்து மூடுவாய், போய்ப் படுத்துவிடுவாய். கேட்லாக் எழுத வேண்டுமென்றால் லென்ஸை எடுத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும். கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நீ, ஒரு தடவை எனக்காக உன் கண்ணைத் திறந்து பார்.

அது கீறல் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? காசு அச்சடிப்பதற்கு முன்பே அந்தச் செம்புத் தகட்டில் இருந்த பழுது அது. அந்தக் காலத்தில் கிடைத்த செம்பையெல்லாம் உருக்கித் தட்டினார்கள், தகட்டில் வெடிப்பும் பிளவும் இல்லாமல் எப்படி இருக்கும்? தகட்டுப் பழுதுக்குக் கழிவு குறைவு, பின்னால் எவனோ கீறியதற்குக் கழிவு அதிகம். இது நம் ஆட்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம். இருபத்தைந்தில் ஐந்து போனால் இருபது. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மெர்ல்


வூஸ்டர்
மார்ச் 2, 1986

மெர்ல்,

காசு வந்தது. உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? அந்தக் கோட்டில் அடைந்திருந்த பச்சைக் களிம்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. முள்ளை வைத்துத் தோண்டியிருக்கிறாய். முள் வழுக்கி ஓடின இரண்டு மெல்லிய தடம் கன்னத்தில் தெரிகிறது.

பழைய செம்பில் கை வைக்காதே, கை வைக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் மணிக்கணக்கில் வகுப்பெடுக்கிற ஆள் நீ. ஒட்டக முடித் தூரிகையால் மெல்லத் தடவுவதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது என்று நம் காசு சேகரிப்போர் சங்கத்தில் சட்டம் போட்டதே நீதான். சாப்பாட்டு மேஜையைத் துடைக்கச் சொல்லிப் பத்தொன்பது வருடம் உன்னிடம் கெஞ்சினேன். அப்போது இந்தச் சுறுசுறுப்பு எங்கே போயிருந்தது?

கேட்லாக்கில் பத்து என்று எழுதிவிட்டேன். பழைய கீறலுக்குப் பதின்மூன்று, உன் முள்ளுக்கு இரண்டு. ஏலம் விடுகிற ஹாஸ்கின்ஸ் அதைப் பார்த்துவிட்டு டெலிபோனில் கூப்பிட்டார்.

"ரோவீனா, விக்கிறது உங்க பழைய வீட்டுக்காரர். வாங்கப்போறது நீங்க. மார்க் போடறதும் நீங்களேவா? மட்டமா போட்டு மலிவா அடிச்சுட்டாங்கன்னு பேசமாட்டாங்களா?"

"பேசட்டுமே. நான் வாங்கப்போறேன்னு கேட்லாக்லயே அச்சடிச்சுடுங்க. என் மார்க் தப்புன்னு ஆச்சுன்னா அந்தக் காசுக்கு நான் கை தூக்கமாட்டேன். அதையும் சேர்த்தே போடுங்க."

"நிஜமாவா சொல்றீங்க?"

"நான் எப்ப விளையாட்டுக்குச் சொல்லியிருக்கேன்?"

அச்சடிக்கப் போகிறார்கள். நீயும் படித்துக்கொள்.

ரோவீனா


ஜேன்ஸ்வில்
மார்ச் 12, 1986

ரோவீனா,

முள் தடத்துக்கு இரண்டு மார்க் கழித்தது நியாயம். சாலையில் பனி அள்ளுகிற வண்டி உறுமிக்கொண்டு போனபோது கை குலுங்கிவிட்டது. அன்றைக்கு நான் எனக்கே கொடுத்துக்கொண்ட திட்டை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

ஆனால் ஏன் தோண்டினேன் என்று நீ கேட்கவே இல்லையே? குளிர் ஆரம்பித்ததிலிருந்து காசை அனுப்பும்வரை, ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, ரோஜா முள்ளைக் கரைப்பானில் தோய்த்துத் தோய்த்துக் களிம்பை எடுத்தேன். உனக்காகத்தான். கோட்டின் இரண்டு கரையும் மேடாக இருக்கிறது, அதனால் அது கீறல் என்று நீ சொன்னாய். அந்த மேடு வெறும் களிம்பு. இப்போது போய்விட்டது. மேஜை விளக்கை இடது பக்கம் வைத்து, மேஜையோடு மேஜையாகத் தாழ்த்து. கோட்டின் அடியில் பார். அந்தப் பெண்ணின் கூந்தல் இழைகள் பள்ளத்துக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறிப் போகின்றன. அச்சு விழும்போதே பள்ளம் இருந்ததால்தான் இழை உள்ளே இறங்கியிருக்கிறது. பின்னால் கீறியிருந்தால் இழை அறுந்துபோயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். நம் இரண்டு பேர் விஷயத்திலும் நீ இப்படித்தான். ஒரு கோடு தெரிந்தால் உடனே யார் கீறினது, எப்போது கீறினது என்று ஆளைத் தேடுகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்தோம். காசுக்கு மேல் பேசினால் எச்சில் தெறித்துச் செம்பில் கறுப்புப் புள்ளி விழும் என்று வாயை மூடிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோமே, அந்தச் சாயங்காலங்கள் இல்லாவிட்டால் முதல் வருடமே சண்டை போட்டுப் பிரிந்திருப்போம். பழுது தகட்டிலேயே இருந்தது. யார்மேலும் தப்பில்லை. இப்படி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

விளக்கைத் தாழ்த்திப் பார், ரோவீனா.

மெர்ல்


வூஸ்டர்
மார்ச் 25, 1986

மெர்ல்,

காசு பிலடெல்ஃபியாவுக்குத் திரும்பிப் போய்விட்டது. கேட்லாக் அச்சில் இருக்கிறது. நீ சொன்னதற்காக ரயில் பிடித்துப் போய் விளக்கைத் தாழ்த்தப் போவதில்லை. முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் இது. கீறலைப் பார்த்தால் கீறல் என்று தெரியும்.

என்னிடம் கேட்டது காசுக்கு மார்க். கல்யாணத்துக்கு மார்க் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீயாக எடுத்ததால் கேட்கிறேன். சின்சினாட்டி மாநாட்டில் முப்பது பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிற மேஜையில், "என் பொண்டாட்டிகிட்ட கடவுளையே கொண்டாந்து வச்சாலும் பன்னெண்டுதான் குடுப்பா" என்று சொன்னாயே, எல்லோரும் சிரித்தார்களே. அதுவும் தகட்டிலேயே இருந்ததா?

ஜூன் மாதம் அந்தக் காசை வாங்குவேன். எதிரே யார் வந்தாலும் சரி.

ரோவீனா


ஜேன்ஸ்வில்
மே 19, 1986

ரோவீனா,

கேட்லாக் வந்தது. 'எழுதியவர் இந்தக் காசை வாங்க விரும்புகிறார். அவர் தந்த மார்க் தவறென்றால் ஏலத்திலிருந்து விலகிக்கொள்வார்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருடமாகக் கேட்லாக் படிக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை. தொழிற்சாலையில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். யாருக்கும் புரியவில்லை.

சின்சினாட்டியில் நான் பேசியது சரி என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதமே நீ சங்கப் பத்திரிகையில் 'கணவன்மார் போடும் மார்க்' என்று ஒரு கட்டுரை எழுதினாய். பெயர் போடாமல் எழுதினாலும் அமெரிக்கா முழுவதும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. அதற்குப் பிறகு நாம் ஒரே மேஜையில் காசு பார்க்கவில்லை.

ஏலத்துக்கு நான் வரமாட்டேன். நான் அங்கே இருந்தால் எனக்காக நீ பார்த்தாய் என்று ஆகும், அல்லது என்மேல் இருக்கிற கோபத்தில் பார்க்காமல் விட்டாய் என்று ஆகும். காசை மட்டும் பார்.

மெர்ல்


பிலடெல்ஃபியா
ஜூன் 15, 1986

மெர்ல்,

நேற்று ஏலம் முடிந்தது. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், குறுக்கே புகாமல் படி.

முந்தாநாள் காசுகளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். உன் காசை நிறையப் பேர் கேட்டு வாங்கினார்கள். கேட்லாக்கைப் பார்ப்பார்கள், கோட்டைப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த காசுக்குப் போய்விடுவார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த விலைக்கு இது எனக்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது டல்சாவிலிருந்து வரும் பல் டாக்டர் ட்ராஸ்க் வந்து உட்கார்ந்தார். உனக்கு அவரைத் தெரியும், இரண்டு வருடமாக நல்ல 1794 எது வந்தாலும் விடாமல் அள்ளுகிறாரே, அவர்தான். காசை எடுத்தார், பார்த்தார். பிறகு விளக்கின் கழுத்தைப் பிடித்து இடது பக்கமாக மேஜைவரை தாழ்த்தினார். ரொம்ப நேரம் அசையவில்லை. காசை உறையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பாவம், நல்ல காசு. யாரோ கெடுத்து வச்சுட்டாங்க" என்றார். வலிக்காது, வலிக்காது என்று ஊசியை எடுக்கும்போது சொல்வார்களே, அதே குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும், இவர் எதையோ பார்த்துவிட்டு மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழுந்து போகும்வரை பொறுத்திருந்துவிட்டு உன் காசைக் கேட்டு வாங்கினேன். விளக்கைத் தாழ்த்தினேன்.

இழைகள் இறங்குகின்றன, மெர்ல். மூன்று இழைகள். பள்ளத்தின் அடியில் மெலிந்து, மங்கி, ஆனால் அறுபடாமல் ஓடி மறுபக்கம் ஏறுகின்றன. ஒரு தடவை பார்த்துவிட்ட பிறகு எப்படித் திருப்பினாலும் அதுதான் கண்ணில் பட்டது. இவ்வளவு காலம் நான் களிம்பைப் பார்த்துக்கொண்டு கீறல் என்று சொல்லியிருக்கிறேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ட்ராஸ்க் வாயைத் திறக்கமாட்டார், அவருக்கும் மலிவாக வேண்டும். அவரும் நானும் மட்டும் மோதிக்கொண்டால் எனக்குப் பாதி வாய்ப்பாவது உண்டு. நான் என் பெட்டியை நினைத்தேன், அந்தக் குழியை நினைத்தேன். நீ ஒஹாயோவில் முள்ளும் கையுமாக உட்கார்ந்திருந்ததையும் நினைத்தேன், உன்மேல் கோபம்தான் வந்தது. பிறகு எழுந்து ஹாஸ்கின்ஸிடம் போனேன்.

"மார்க் தப்பு. பத்து இல்ல, பதினெட்டு."

"நாளைக்குக் காலையில ஏலம். கேட்லாக் ஊரெல்லாம் போயாச்சு. இப்ப வந்து சொல்றீங்களே?"

"இப்பத்தான் பார்த்தேன். காலையில நானே எழுந்து சொல்லிடறேன்."

"சொன்னா நீங்க வாங்க முடியாது, ரோவீனா. அச்சுல இருக்கு."

"அச்சுல போடச் சொன்னதே நான்தானே."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். அந்த மனிதரிடம் நான் இதுவரை இவ்வளவு கருணையைக் கண்டதில்லை.

நேற்றுக் காலை உன் காசின் முறை வந்ததும் எழுந்து நின்றேன். "இந்தக் காசுக்கு நான் போட்ட மார்க் தப்பு. இது கீறல் இல்ல. அச்சடிக்கறதுக்கு முன்னாலயே தகட்டுல இருந்த பழுது. கோட்டுக்கு அடியில கூந்தல் ஓடுது, விளக்கைத் தாழ்த்திப் பார்த்தா தெரியும். பழுதுக்கு அஞ்சு, முள் தடத்துக்கு ரெண்டு போக, பதினெட்டு. சொன்னபடி நான் இதுக்குக் கை தூக்கமாட்டேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் பாதிப் பேர் ஓடிப்போய் விளக்கடியில் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே அழுத்தித்தான் வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் ட்ராஸ்க்குக்குத்தான் போயிற்று. அவர் நினைத்து வந்த விலைக்கு மூன்று பங்குக்கு மேல் கொடுத்தார். வெளியே வரும்போது வாசலில் மறித்தார்.

"அம்மா, நீங்க வாயைத் திறந்ததுல எனக்குப் பெரிய செலவு."

"நீங்க சம்பாதிச்சதும் அடுத்தவங்க வாயைத் திறந்துதானே டாக்டர்."

சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். காசை நன்றாக வைத்துக்கொள்வார்.

நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. நீ முள் போடுவதற்கு முன்னால் அது இருபதுதான். ஆனால் முள் போடாமல் இருந்திருந்தால் அது இருபது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு மார்க் கொடுத்து நீ அதை நிரூபித்திருக்கிறாய்.

என் குழி காலியாகத்தான் இருக்கிறது. அழுகை வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ரோவீனா


ஜேன்ஸ்வில்
ஜூன் 21, 1986

என் ரோவீனா,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். அடுத்த வீட்டுக்காரி வந்து, "யாராச்சும் தவறிட்டாங்களா மெர்ல்?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் போயிருந்தது போலிருக்கிறது.

நீ பார்ப்பாய் என்று நம்பினேன். எழுந்து நிற்பாய் என்று நினைக்கவே இல்லை. உன் பெட்டிக்காக நீ எத்தனை வருடம் அலைந்தாய் என்று எனக்குத் தெரியாதா? சிகாகோவுக்கும் பாஸ்டனுக்கும் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு கூடவே வந்தவன் நான்தானே. நீ அதை விட்டுக்கொடுத்தாய் என்று படித்ததும் ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஏலப் பணம் வந்தால் அதைத் தொட மனம் வராது.

இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். காசைப் பற்றி நான் சொன்னதை உன் கண்ணாலேயே பார்த்துவிட்டாய். அப்படியானால் நம்மைப் பற்றிச் சொன்னதையும் ஒத்துக்கொள்ளேன். பழுது முதலிலேயே இருந்தது, யார்மேலும் தப்பில்லை, இரண்டு பேரும் அந்தத் தகட்டில் அப்படியே அச்சாகி வந்துவிட்டோம். இதை நீ ஒரு வரி எழுதிவிட்டால் எனக்குப் போதும். அடுத்த மாதம் விடுமுறை இருக்கிறது. வூஸ்டருக்கு வரட்டுமா? உன் ஐம்பத்தேழையும் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மெர்ல்


வூஸ்டர்
ஜூன் 29, 1986

மெர்ல்,

காசைப் பற்றி நீ சொன்னது சரி. அதை ஊரறிய எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு இன்னொன்றையும் என் தலையில் கட்டப் பார்க்காதே.

நீ கேட்டாய் என்பதற்காக இந்த வாரம் முழுக்க நம் இரண்டு பேரையும் அதே மாதிரி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பார்த்தேன். சலவைக் கடைக்கு மேல் வாடகைக்கு இருந்தோமே, அங்கிருந்து ஆரம்பித்தேன். அந்த மாத வாடகையைக் கொடுத்து ஒரு தேய்ந்த சென்ட் வாங்கி வந்து நின்றாய். நான் திட்டுவேன் என்று பயந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாய். நான் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் வாடகை கேட்டுக் கதவைத் தட்டினபோது இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் சிரித்தோம். வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் சண்டை வராமல் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். இல்லை. நமக்குச் சண்டை போடத் தோன்றவே இல்லை. எனக்கு உன்னை அவ்வளவு பிடித்திருந்தது.

நானும் எவ்வளவோ தேடிவிட்டேன், அந்தத் தகட்டில் ஒரு பழுதும் இல்லை. நல்ல செம்பு அது. பழுது இருந்திருந்தால் எனக்கும் உன்னைப்போல் தூக்கம் வரும். நாம்தான் பின்னால் கீறினோம். நீ ஒரு கை, நான் ஒரு கை. யார்மேலும் தப்பில்லை என்று நீ சொல்வது அன்பாகத்தான் சொல்கிறாய், எனக்குத் தெரிகிறது. ஆனால் அப்படிச் சொன்னால் நாம் இழந்தது ஏதோ முதலிலேயே உதவாக்கரை என்று ஆகிவிடும். அதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்த மார்க்கை மாற்றமாட்டேன்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கீறலில் உன்னுடையது எது என்று என் எதிரில் உட்கார்ந்து சொல்வதாக இருந்தால் வா. என்னுடையதை நான் சொல்கிறேன். மேஜையில் காசு எதையும் வைக்கமாட்டேன், சத்தமாகவே பேசலாம்.

அதற்குத் தயாரில்லை என்றால் பெட்ரோலை வீணாக்காதே.

ரோவீனா